சிங்கவாயிலும் பிறநாட்டு அடியாரும்

ஒடிசாவின் தலைநகரான புவனேசுவரத்திலிருந்து வங்கக் கடலோரத்துப் பூரிக்குச் செல்லும் வழி ஏறத்தாழ 60 கிலோமீட்டர்தான். எனினும், இந்து சமயம் தன்னைத் தேடி வருவோரில் யாரைத் தன்னவர் என்று ஏற்கிறது, யாரை வாசலோடு நிறுத்துகிறது என்ற கேள்வியோடு பயணம் செய்பவருக்கு இந்தியாவில் இதைவிடச் செறிவான வழி கிடைப்பது அரிது. பிற நாட்டில், பிற இனத்தில் பிறந்து, இந்து சமயத்தைத் தம் சமயமாக ஏற்று, குருவிடமிருந்து மந்திரமும் ஒழுக்கநெறியும் பெறும் சடங்காகிய தீக்கையையும் முறைப்படி பெற்றவர்கள் இன்று உலகின் பல கண்டங்களிலும் வாழ்கிறார்கள். அவர்களுள் கணிசமானோர் நாள்தோறும் வணங்கும் தெய்வம் பூரியின் ஜகந்நாதர். அந்தத் தெய்வத்தின் மூலத்தலமோ அவர்களைத் தன் மதிலுக்குள் விடுவதில்லை. இந்த முரண்பாட்டை நூல்களில் படித்து அறிவதைக் காட்டிலும், அந்த வழியில் நடந்து, ஒவ்வொரு இடமும் தன்னுள் வைத்திருக்கும் வரலாற்றோடு பொருத்திப் பார்ப்பதே தெளிவைத் தரும்.

வழியின் தொடக்கத்திலேயே ஒரு சான்று நிற்கிறது. புவனேசுவரத்தின் லிங்கராசர் கோயில் 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கலிங்கக் கட்டடக் கலையின் முதிர்ந்த வடிவம் என்று கலை வரலாற்றாசிரியர்கள் போற்றுவது. இந்துக்கள் அல்லாதாருக்கு இங்கே அனுமதி இல்லை என்பதால், மதிலுக்கு வெளியே ஒரு மேடை இருக்கிறது. வெளிநாட்டுப் பயணிகள் அதன்மேல் ஏறி, உள்ளே விரிந்து கிடக்கும் விமானங்களையும் சிறு கோயில்களையும் பார்த்துவிட்டு இறங்குகிறார்கள். அரசப் பிரதிநிதியாக இருந்த கர்சன் பிரபுவின் வருகைக்காகவே அந்த மேடை எழுப்பப்பட்டது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. நாட்டையே ஆண்டவருக்கும் மேடைதான் கிடைத்தது, வாயில் கிடைக்கவில்லை என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். ஏனெனில் இந்தத் தடை எளியவர்களைக் கண்டு எழுந்ததன்று. அதிகாரத்துக்குப் பணிந்து நெகிழ்ந்ததுமன்று. அடிமைப்பட்டிருந்த ஒரு சமூகம் தன் கையில் மிஞ்சியிருந்த ஒரே எல்லையாக இக்கோயில் மதிலைக் கண்டது என்று புரிந்துகொள்ளும்போது, அதன் பின்னாலிருந்த தன்மான உணர்வை மதிக்காமல் இருக்க முடியாது. ஆனால் ஆட்சியாளராக வந்து வேடிக்கை பார்க்க விரும்பியவரும், அடியாராக வந்து கைகூப்பி நிற்பவரும் அந்த மதிலின் முன் ஒருவராகவே எண்ணப்படும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

புவனேசுவரத்திலிருந்து புறப்படும் தொடர்வண்டி குர்தா ரோடு சந்திப்பைக் கடந்து, தென்னந்தோப்புகளும் வயல்களும் மாறி மாறி வரும் சமவெளியில் பூரியை நோக்கிச் செல்கையில், தேலாங் என்னும் சிறிய நிலையத்தைத் தாண்டுகிறது. பெரும்பாலான பயணிகள் நிமிர்ந்துகூடப் பார்க்காத இவ்வூரில் 1938 மார்ச்சில் காந்தி சேவா சங்கத்தின் மாநாடு நடந்தது. அப்போது கஸ்தூரிபாவும், காந்தியின் செயலாளர் மகாதேவ தேசாயின் மனைவி துர்காவும் பூரிக்குச் சென்று ஜகந்நாதரை உள்ளே போய் வணங்கித் திரும்பினார்கள். தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் திறக்கப்படாத கோயிலுக்குள் தம் வீட்டார் சென்றார்கள் என்பதை அறிந்த காந்தி ஆழமாக வேதனைப்பட்டார். அவ்வேதனை அவருடைய உடல்நிலையையே பாதித்தது. மகாதேவ தேசாய் பணியிலிருந்து விலகவும் முன்வந்தார். நான்கு ஆண்டுகளுக்கு முன், 1934 மே மாதத்தில், தீண்டாமைக்கு எதிரான தம் நடைப்பயணத்தைக் காந்தி தொடங்கியதும் பூரியில்தான். கோயிலுக்குள் செல்ல உரிமை உள்ளவர், அவ்வுரிமை இல்லாதவருக்காக வெளியே நிற்க வேண்டும் என்ற அறம் இந்தத் தண்டவாளத்தின் ஓரத்தில் ஒரு குடும்பத்தையே கலங்கச் செய்த அளவுக்குத் தீவிரமாகப் பேசப்பட்டது. விடுதலைக்குப் பின் ஆலயப் பிரவேசச் சட்டங்களும் அரசியலமைப்பும் வந்தன. இந்துக்களின் எல்லா வகுப்பினருக்கும் பொதுக் கோயில்கள் திறந்தன. சாதிக்காகத் திறந்த அதே வாயில் இனத்துக்காகத் திறக்கவில்லை. பயணத்தின் எஞ்சிய பகுதி முழுவதும் இந்த இடைவெளியைப் பற்றியதே.

பூரியின் உயிர்நாடி, பெரிய வீதி எனப் பொருள்படும் படா தண்டா. கோயிலின் கிழக்கு வாயிலாகிய சிங்கவாயிலிலிருந்து குண்டிச்சா கோயில் வரை ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளத்துக்கு, மூன்று பெருந்தேர்கள் ஓடும் அளவுக்கு அகன்று கிடக்கும் இவ்வீதியில், ஆனி–ஆடி மாதங்களில் வரும் தேர்த்திருவிழாவின்போது ஜகந்நாதரும் பலபத்திரரும் சுபத்திரையும் கருவறையை விட்டு வெளியே வருகிறார்கள். மதிலுக்குள் செல்ல முடியாத எவரும் அப்போது அவர்களைக் காணலாம், தேர்வடத்தையும் பிடிக்கலாம், எந்த நாட்டில் பிறந்தவர் என்று யாரும் கேட்பதில்லை. உள்ளே செல்ல முடியாதவருக்காகத் தெய்வமே தெருவுக்கு வருகிறது என்று ஒடிய மக்கள் இத்திருவிழாவை விளக்குவது வெறும் நயவுரை அன்று. இந்தத் தலத்தின் இறையியலே அதில் அடங்கியுள்ளது.

வீதியின் இடைப்பகுதியில் சாலபேகரின் சமாதி இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இவர் முகலாயப் படை அதிகாரி ஒருவரின் மகன். தாய் அந்தணக் குலத்து விதவை என்று மரபு கூறுகிறது. ஜகந்நாதர்மீது இவர் பாடிய ஒடியப் பாடல்கள் இன்றும் வீடுகளிலும் கோயில்களிலும் பாடப்படுகின்றன. ஒடிய பக்தி இலக்கியத்தை இவர் பெயரின்றி எழுத இயலாது. பிருந்தாவனத்திலிருந்து திரும்பும் வழியில் நோயுற்ற சாலபேகர், தாம் வந்து சேரும்வரை காத்திருக்கும்படி இறைவனை வேண்டினார் என்றும், ஜகந்நாதரின் தேர் அவர் வரும்வரை நகர மறுத்தது என்றும் ஒரு கதை வழங்குகிறது. அக்கதையின் நினைவாக ஆண்டுதோறும் தேர் இச்சமாதியின் அருகே நிற்கிறது. பிறப்பால் இசுலாமியரான ஒருவருக்காக உற்சவத்தின் நடைமுறையையே வகுத்துக்கொண்ட ஒரு கோயில், அவரைத் தன் மதிலுக்குள் விட்டதில்லை. பாடல் உள்ளே போனது. பாடியவர் வெளியே நின்றார். பூரியின் மனப்பாங்கை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் இன்னொரு செய்தி இல்லை: அன்பை மறுக்க அதற்கு மனம் வரவில்லை, பிறப்பை மறக்கவும் மனம் வரவில்லை.

இதே பெரிய வீதியில், கோயிலிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத ஒரு வீட்டில், 1874-இல் பக்திசித்தாந்த சரஸ்வதி பிறந்தார். அவருடைய தந்தை பக்திவிநோத தாகூர், ஆங்கில ஆட்சியில் துணை நீதிபதியாகப் பூரியில் பணியாற்றியவர். கோயில் நிர்வாகத்தை மேற்பார்வை செய்யும் பொறுப்பும் அவரிடம் இருந்தது. வைணவ ஞானி சைதன்யர் பரப்பிய நாம சங்கீர்த்தன நெறி, அதாவது இறைவன் திருப்பெயரைக் கூடிப் பாடும் வழிபாட்டு முறை, ஐரோப்பியரையும் சென்று சேரும் என்று நம்பிய பக்திவிநோதர், சைதன்யரைப் பற்றிய தம் நூலொன்றைக் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவைத்தார். மகனாகிய பக்திசித்தாந்தரின் சீடர் பக்திவேதாந்த சுவாமி பிரபுபாதர் 1965-இல் சரக்குக் கப்பலொன்றில் அமெரிக்கா சென்று, அடுத்த ஆண்டு நியூயார்க்கில் இஸ்கான் என்று அறியப்படும் அகில உலகக் கிருஷ்ண பக்திக் கழகத்தை நிறுவினார். 1967-இல் சான் பிரான்சிஸ்கோ தெருக்களில் ஜகந்நாதருக்குத் தேர் ஓடியது. அமெரிக்கரும் ஐரோப்பியரும் பூணூல் அணிந்து பூசை செய்யத் தகுதி பெற்றார்கள். ஆகவே பிறநாட்டு வைணவர் என்னும் கூட்டம் பூரிக்கு எங்கிருந்தோ வந்து சேர்ந்த அந்நியக் கூட்டமன்று. அதன் ஊற்றுக்கண் இந்த வீதியிலேயே இருக்கிறது. 1977 தொடக்கத்தில் பூரிக்கு வந்த பிரபுபாதர், தம் மேலைநாட்டுச் சீடர்கள் நுழைய முடியாத கோயிலுக்குள் தாமும் நுழைவதில்லை என்று வெளியிலேயே நின்றுவிட்டார். தேலாங்கில் பேசப்பட்ட அதே அறம் வேறொருவர் வாழ்வில் மீண்டும் நிகழ்ந்தது.

வீதி சிங்கவாயிலில் முடிகிறது. வாயிலுக்கு முன்னால், 18-ஆம் நூற்றாண்டில் கோணார்க்கத்துச் சூரியக் கோயிலிலிருந்து கொண்டுவந்து நிறுத்தப்பட்ட ஒற்றைக்கல் அருண தூண். அதற்கு அப்பால் பைசி பகச்சா எனப்படும் 22 படிகள். பின்னே, ஏறத்தாழ 65 மீட்டர் உயரத்துக்கு எழும் விமானம். 12-ஆம் நூற்றாண்டில் இக்கோயிலைக் கட்டத் தொடங்கிய கீழைக் கங்க மன்னன் அனந்தவர்மன் சோடகங்கனின் தாய் ஒரு சோழ இளவரசி என்பதைத் தமிழ்ப் பயணி இங்கே நினைவுகூராமல் இருக்க முடியாது. தெற்கும் கிழக்கும் கலந்த குருதியில் பிறந்தவன் எழுப்பிய கோயில் இது. வாயிலருகே உள்ள அறிவிப்பு, இந்துக்கள் மட்டுமே உள்ளே செல்லலாம் என்கிறது. வாயிலின் உட்புறத்தில், தெருவிலிருந்தே காணத்தக்க இடத்தில், பதிதபாவனர் என்ற பெயரில் ஜகந்நாதரின் திருவுருவம் ஒன்று உள்ளது. வீழ்ந்தவரைத் தூய்மை செய்பவர் என்பது பெயரின் பொருள். 18-ஆம் நூற்றாண்டில் குர்தாவை ஆண்ட இரண்டாம் இராமச்சந்திர தேவர், இசுலாமியரோடு கொண்ட உறவால் கோயில் நுழையும் தகுதியை இழந்தபோது, அவர் வெளியே நின்று வணங்குவதற்காக இவ்வுருவம் அமைக்கப்பட்டதாக மரபு கூறுகிறது. அரசனையே நிறுத்திய விதிதான், ஆனால் அவனுக்கென்று ஒரு கண்காணும் வழியைத் திறந்து வைத்த விதி. இரக்கமும் விலக்கமும் ஒரே கல்லில் செதுக்கப்பட்டுள்ளன.

இவ்வாயிலில் உண்மையில் எது சோதிக்கப்படுகிறது என்பதைப் பொறுமையாக ஆராய்ந்து பார்க்க வேண்டும். சமயம்தான் அளவுகோல் என்று சொல்லப்படுகிறது. ஆனால் நம்பிக்கையைக் கண்ணால் காண முடியாது. வாயிலில் நிற்கும் காவலர் காண்பது முகத்தையும் நிறத்தையும்தான். இந்திய முகம் கொண்ட ஒருவர் எச்சமயத்தவர் என்றாலும், அல்லது எச்சமயமும் அற்றவர் என்றாலும், கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே போய்விடலாம். 30 ஆண்டுகள் துளசி மாலை அணிந்து, புலால் நீக்கி, நாள்தோறும் நாமம் சொல்லி வரும் செருமானியர் ஒருவர் முதல் படியிலேயே தடுக்கப்படுகிறார். நாடு என்பதும் அளவுகோல் அன்று. ஏனெனில் நேபாளத்து இந்துக்கள் வரலாம், நேபாள மன்னர் மரபினருக்குக் கருவறையில் தனிச் சிறப்புரிமையே உண்டு. இன்னும் தெளிவான சான்று பௌத்தர்களுடையது. இந்திய வம்சாவளியினராகிய சமணர், சீக்கியர், பௌத்தர் ஆகியோர் அனுமதிக்கப்படுவது நடைமுறை. ஆனால் 2005-இல் பூரிக்கு வந்த தாய்லாந்து இளவரசி சிரிந்தோர்ன், பௌத்தராக இருந்தும், கோயிலை வெளியிலிருந்தே பார்த்துச் சென்றார். சமயம் ஒன்றாக இருக்க, வம்சம் வேறாக இருப்பதே முடிவைத் தீர்மானிக்கிறது என்றால், அவ்விதியின் பெயர் சமயவிதி அன்று, பிறப்புவிதி. 1984-இல் தலைமை அமைச்சர் இந்திரா காந்தி தடுக்கப்பட்டதும் இதை உறுதிப்படுத்துகிறது: பார்சி ஒருவரை மணந்ததால் அவருடைய பிறப்புத் தகுதி போயிற்று என்று கொள்ளப்பட்டது, அவருடைய நம்பிக்கை என்ன என்பது கேள்வியாகவே எழவில்லை.

இந்திரா கோயிலைப் பார்த்தது எதிரேயிருந்த இரகுநந்தன் நூலகத்தின் மாடியிலிருந்து. இராமானுசர் மரபைச் சேர்ந்த எமார் மடத்தோடு தொடர்புடைய அந்த நூலகத்தின் மாடிதான் பல பத்தாண்டுகள் வெளிநாட்டாருக்குக் காட்சியிடமாக விளங்கியது. கோயிலைச் சுற்றிப் பாதுகாப்பு வளையம் அமைப்பதற்காக 2019-இல் தொடங்கி மடமும் நூலகமும் இடிக்கப்பட்டன; இன்று அங்கே அகன்ற வெளி மட்டுமே இருக்கிறது.

இந்தத் தலத்தில் நிகழ்ந்தவற்றுள் மிகவும் சிந்திக்கத்தக்கது காந்தியவாதி வினோபா பாவேயின் வருகை. 1955 மார்ச்சில் சர்வோதய மாநாட்டுக்காகப் பூரிக்கு வந்த அவர், தம்மோடு இருந்த பிரெஞ்சுப் பெண்மணி ஒருவருடன் ஜகந்நாதரைக் காணச் சென்றார். அப்பெண்மணிக்கு அனுமதி மறுக்கப்பட்டது. வினோபா தாமும் உள்ளே செல்லாமல் திரும்பினார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் அன்றைய பீகாரின் வைத்தியநாதர் கோயிலில், தாழ்த்தப்பட்ட மக்களோடு சென்றதற்காக அவர் பண்டாக்களால், அதாவது தலத்துப் பூசாரிகளால், தாக்கப்பட்டிருந்தார். பின்னர்க் கேரளத்தில் குருவாயூரிலும், உடன் வந்த கிறித்தவர்களை விட்டுவிட்டுத் தாம் மட்டும் நுழைய அவர் இசையவில்லை. ஆனால் 1958-இல் மராத்திய நாட்டின் பண்டரிபுரத்தில் விட்டலர் கோயில் நிர்வாகத்தினர், பிற சமயத்தவர் உட்பட எல்லாருடனும் உள்ளே வரும்படி அவரை அழைத்தார்கள். அவர் விட்டலரின் முன் நின்று கண்ணீர் வடித்தார். பண்டரிபுரமோ 1947 வரை தாழ்த்தப்பட்டோருக்கே மூடியிருந்த கோயில்; அதைத் திறக்கச் சமூகச் சீர்திருத்தவாதி சானே குருஜி உண்ணாநோன்பு இருக்க வேண்டியிருந்தது. 11 ஆண்டுகளில் ஒரு கோயில் சாதியின் எல்லையையும் சமயத்தின் எல்லையையும் கடந்தது. அதனால் அதன் புனிதம் குறைந்ததாகவோ விட்டலரை வணங்கும் வாரகரி அடியார்களின் ஆடி யாத்திரை தளர்ந்ததாகவோ யாரும் கூறியதில்லை. மரபு மாறாதது என்று வாதிடுவோர் பூரியிலிருந்து பண்டரிபுரத்துக்கு ஒருமுறை சென்று வர வேண்டும்.

எனினும், பூரியின் சேவகர்கள் சொல்வதை வெறுப்பு என்று ஒதுக்கிவிடுவது நேர்மையாகாது. 1568-இல் வங்கச் சுல்தானின் படைத்தலைவன் காலாபகாட் இக்கோயிலைச் சூறையாடியதும், அடுத்த இரு நூற்றாண்டுகளில் படையெடுப்பு அச்சத்தால் தெய்வ உருவங்கள் மீண்டும் மீண்டும் சில்கா ஏரிப் பகுதியிலும் காடுகளிலும் மறைத்து வைக்கப்பட்டதும் வரலாறு. அவ்வுருவங்களைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களின் வழித்தோன்றல்கள்தான் இன்று வாயிலைக் காக்க விரும்புகிறார்கள். வாழையடி வாழையாக ஒப்படைக்கப்பட்ட ஒன்றைத் தம் காலத்தில் மாற்றும் துணிவு தமக்கு இல்லை என்று அவர்கள் சொல்லும்போது அதில் பணிவும் இருக்கிறது. ஆனால் இதே சேவகர்களுள் தைதாபதிகள் என்னும் பிரிவினர், சவரர் என்னும் பழங்குடியினரின் தலைவன் விசுவாவசுவின் வழிவந்தவர்கள் என்று தம்மைக் கூறிக்கொள்கிறார்கள். திருவிழாக் காலத்தில் தெய்வத்தைத் தொட்டு எடுத்து, தேரேற்றி, அது நோயுற்றதாகக் கொள்ளப்படும் நாள்களில் பணிவிடை செய்யும் உரிமை அவர்களுக்கே உண்டு. வேதநெறிக்குப் புறத்தே இருந்த ஒரு காட்டு மக்களின் தெய்வம் அரசனின் தெய்வமாகி, அம்மக்களே உறவினராக ஏற்கப்பட்ட கதையின்மீது எழுந்து நிற்கும் கோயில், வேற்று இனத்தார் நம்மவர் ஆக இயலாது என்று சொல்லத் தகுதியுடையதா என்ற கேள்வி தவிர்க்க முடியாதது. ஆனந்த பஜாரில் விற்கும் மகாபிரசாதமும் இதையே சொல்கிறது. மண்பானைகளில் சமைத்த அந்தச் சோற்றை எந்தச் சாதியினரும் ஒரே இலையில் பகிர்ந்து உண்ணலாம், எச்சில் என்ற தீட்டும் அதற்கு இல்லை. அது மதிலுக்கு வெளியே வந்ததும் வெளிநாட்டு அடியாரும் அதையே உண்கிறார். அவர் வாய்க்குள் செல்வது புனிதம். அவர் கால் உள்ளே செல்வது தீட்டு என்று சொல்ல எந்தச் சாத்திரத்தைக் காட்டுவது?

கோயிலிலிருந்து கடற்பக்கம் சிறிது தூரம் நடந்தால் சித்த பகுளம் என்னும் மகிழமரத்தடி வருகிறது. 16-ஆம் நூற்றாண்டில் சைதன்யரின் நெருங்கிய அடியார் அரிதாசர் இங்கே தங்கி நாமம் செபித்தார். அவர் இசுலாமியக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதால் கோயிலுக்குள் செல்லவில்லை. உச்சியிலுள்ள நீலச் சக்கரத்தை இங்கிருந்தே வணங்கினார். வங்கச் சுல்தான் உசேன் ஷாவின் அவையில் பணியாற்றிய ரூபரும் சனாதனரும்கூடத் தம்மை இழிந்தோராகக் கருதி வெளியே தங்கினர். பின்னாளில் சைதன்யர் வழிவந்த கௌடிய வைணவத்தின் இறையியலை எழுதியவர்கள் அவர்களே. உண்மை அடியார் அரிதாசரைப் போல் வெளியே நிற்பதில் நிறைவு காண வேண்டும் என்று தடையை ஆதரிப்போர் வாதிடுவதுண்டு. ஆனால் பணிவு என்பது ஒருவர் தாமே மேற்கொள்வது; பிறர் அதை அவர்மீது சுமத்தினால் அது தண்டனையாகிவிடும். மேலும், சைதன்யர் நாள்தோறும் அரிதாசரைத் தேடி இம்மரத்தடிக்கு வந்தார்; அரிதாசர் மறைந்தபோது உடலைத் தாமே கொண்டுசென்று, கடற்கரை மணலில் தம் கையால் குழி தோண்டி அடக்கம் செய்தார். கடற்கரைச் சுடுகாடான சொர்க்கத்துவாரத்தை அடுத்த அச்சமாதியில் இன்று நாடு இனம் பாராமல் எல்லாரும் வணங்குகிறார்கள். அரிதாசரை எடுத்துக்காட்டாகக் கொள்பவர்கள், சைதன்யர் செய்ததையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

சிக்கலின் வேர் இந்து சமூகத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. அதில் ஒருவர் பிறப்பால் ஒரு சாதியில், ஒரு கோத்திரத்தில், அதாவது முன்னோராகக் கருதப்படும் ஒரு முனிவரின் வழியில் இடம் பெறுகிறார். கோயில், திருமணம், இறுதிச் சடங்கு எல்லாம் அவ்விடத்தைக் கொண்டே நடக்கின்றன. மதம் மாறி வருபவருக்கு நம்பிக்கை உண்டு, இடம் இல்லை. வைணவ மரபு இதற்கு அச்சுத கோத்திரம் என்ற தீர்வைக் கண்டது: தீக்கை பெற்றவர் எவராயினும் திருமாலின் குடியில் சேர்ந்தவர் ஆகிறார். தீர்வு புதிதன்று; பிரச்சினையும் புதிதன்று. ஏறத்தாழ கி.மு. 113-இல், தட்சசீலத்து கிரேக்க மன்னன் அந்தியால்கிதசின் தூதராக விதிசைக்கு வந்த எலியோடோரசு, தம்மைப் பாகவதர் என்று அறிவித்து வாசுதேவனுக்குக் கருடத்தூண் நாட்டினார். அத்தூண் இன்றும் நிற்கிறது. விவேகானந்தரும் 1899-இல் அளித்த நேர்காணலில், வேற்று மக்களை இந்து சமயம் ஏற்க வேண்டும் என்று வலியுறுத்தினார். அவரிடம் பிரமசரிய தீக்கை பெற்ற ஐரிஷ் பெண்மணியான நிவேதிதை, காளிகாட்டில் காளியைப் பற்றிச் சொற்பொழிவாற்றும் அளவுக்கு ஏற்கப்பட்டார். ஆனால் தம் குருவின் குரு வாழ்ந்த தட்சிணேசுவரக் கோயிலுக்குள் செல்ல அவருக்கு வாய்ப்பு இல்லாதிருந்தது.

வெள்ளையரின் மனக்குறையாக மட்டும் இதைப் பார்ப்பதும் பிழையாகும். ஆப்பிரிக்காவின் கானா நாட்டில், செனியா பெராக்கு ஊரில் 1937-இல் பிறந்தவர் பின்னாளில் இந்தியா வந்து, சுவாமி கிருஷ்ணானந்த சரஸ்வதியிடம் துறவு பெற்று, கானானந்த சரஸ்வதி என்ற பெயருடன் 1975-இல் அக்ராவில் ஒரு மடத்தை நிறுவினார். 2016-இல் அவர் மறைந்த பின்னும் கானா மக்களாலேயே அது நடத்தப்படுகிறது. விநாயகர் சதுர்த்திக்குப் பின் அட்லாண்டிக் பெருங்கடலில் பிள்ளையாரைக் கரைக்கிறார்கள். அமெரிக்கக் கறுப்பினத்தவரான பக்தி தீர்த்த சுவாமி இஸ்கானில் குருவாக உயர்ந்து 2005-இல் மறைந்தார். வெள்ளை நிறத்தைக் கண்டு வியக்கவும் கறுப்பு நிறத்தைக் கண்டு தயங்கவும் பழகிய இந்தியச் சமூகத்தில், கோயில் வாயிலுக்கு அப்பாலும் இவர்களைப் போன்றோருக்குக் காத்திருக்கும் தடைகள் வேறு; அவற்றைத் தீர்மானம் இயற்றி நீக்க முடியாது.

சட்டம் இவ்விடயத்தில் கோயிலைவிட முன்னே சென்றுவிட்டது. பெருமாள் நாடார் எதிர் பொன்னுசாமி நாடார் என்ற தமிழக வழக்கில், ஒருவர் பிறப்பால் மட்டுமின்றி மதமாற்றத்தாலும் இந்து ஆகலாம் என்றும், உண்மையான எண்ணமும் அதற்கேற்ற நடத்தையும் இருந்தால் தூய்மைச் சடங்கு கட்டாயமில்லை என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது. அவ்வாறாயின், இந்துக்களின் எல்லாப் பிரிவினருக்கும் பொதுக் கோயில்களைத் திறக்க இடமளிக்கும் அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு பிறநாட்டு இந்துவை ஏன் விட்டுவிட வேண்டும் என்பதற்கு விடை இல்லை. திருப்பதியில் பிற சமயத்தவர் நம்பிக்கை உறுதிமொழியில் கையெழுத்திட்டு வழிபடலாம். குடியரசுத் தலைவராக இருந்தபோது அப்துல் கலாம் அவ்வாறே செய்தார். 2024 சனவரியில் பழநி கோயில் குறித்துச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அளித்த தீர்ப்பு, பிற சமயத்தவரைக் கொடிமரத்துக்கு அப்பால் அனுமதிக்கக் கூடாது என்று கூறியபோதும், தெய்வத்தின்மீது நம்பிக்கை உண்டென்று உறுதிமொழி அளிப்பவரைப் பதிவேட்டில் குறித்து அனுமதிக்க வழி வைத்தது. இவ்விரு ஏற்பாடுகளிலும் குறை காண்போர் இருக்கலாம். ஆயினும் அவை கேட்பது நம்பிக்கையை, முகத்தை அன்று.

பூரியைப் பொறுத்தவரை, எச்சமயத்தவரும் உடை ஒழுங்குக்கும் உறுதிமொழிக்கும் உட்பட்டு வழிபடுவதை அனுமதிப்பது பற்றி எண்ணிப் பார்க்குமாறு 2018 சூலையில் உச்ச நீதிமன்றம் கோயில் நிர்வாகத்துக்குப் பரிந்துரைத்தது. சேவகர்களும் பூரியிலுள்ள கோவர்த்தன மடத்துச் சங்கராச்சாரியாரும் எதிர்த்தார்கள். 2023 சனவரியில் அன்றைய ஒடிசா ஆளுநர் கணேஷி லால் வெளிநாட்டாரை அனுமதிக்கலாம் என்று பேசியபோதும் அதே எதிர்ப்பு எழுந்தது. இரு தரப்பும் எல்லாச் சமயத்தவரையும் பற்றியே பேசியதால், இந்துவாகவே வாழ்ந்துவரும் பிறநாட்டாரின் தனிக் கோரிக்கை அந்த ஆரவாரத்தில் கேட்கப்படாமலே போயிற்று. அவர்கள் விதியை மாற்றச் சொல்லவில்லை. இந்துக்களுக்கு மட்டும் என்று எழுதியிருப்பதை எழுதியபடியே நடத்தச் சொல்கிறார்கள். ஸ்ரீ ஜகந்நாதர் கோயில் சட்டப்படி நிர்வாகக் குழுவுக்குத் தலைவர் பூரியின் கஜபதி மன்னர். தேர்த்திருவிழாவில் பொன்பிடித் துடைப்பத்தால் தேர்த்தட்டைப் பெருக்கித் தம்மை முதல் சேவகராக அறிவிப்பவரும் அவரே. யாரிடம், எப்போது, எந்த மரபில் தீக்கை பெற்றார் என்பதை எழுதிக் கேட்கும் ஒரு பதிவேட்டை வாயிலில் வைக்க அக்குழு முடிவு செய்தால் போதும். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.